வேண்டாத நடை

எங்கள் மாவு மில்லின் பின்கட்டுக்கும் ஜேன்அக்கா வீட்டுப் பின்கட்டுக்கும் நடுவில் இடுப்பளவுச் சுவர் ஒன்றுதான் இருந்தது. முன்பக்கமாக அவர்கள் வீட்டுக்குப் போவதென்றால் கோயிலைச் சுற்றி, பூக்கடைகளைத் தாண்டி, ஸ்கூட்டர்களுக்கு ஒதுங்கி ஒதுங்கிப் போக வேண்டும். பின்பக்கம் கையை நீட்டினால் போதும். ஹனூரிலிருந்து கல்யாணமாகி இந்த மைசூர் அக்ரஹாரத்துக்கு வந்த காலத்திலிருந்து நான் அவர்கள் முன்வாசலை மிதித்தது கிறிஸ்துமஸுக்கும் துக்கத்துக்கும் மட்டும்தான். மற்றதெல்லாம் சுவர் வழியாகவே நடந்தது.

சுவருக்கு இந்தப் பக்கம் என்னுடைய கறிவேப்பிலை மரம். அந்தப் பக்கம் அவர்கள் சமையலறைக் கதவு. ஜேன்அக்கா நர்ஸ். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, வெள்ளைச் சேலையை மாற்றிக்கொண்டு அடுப்பைப் பற்றவைத்தால் சிறிது நேரத்தில் அந்தக் கதவு திறக்கும்.

“நாச்சீ, ஒரு கொத்து!”

மில் ஓடும் சத்தத்திலும் அந்தக் குரல் எனக்குக் கேட்டுவிடும். மாவுக் கையோடு ஓடிப்போய் ஒடித்துக் கொடுப்பேன். உள்ளே எண்ணெய் காய்ந்துகொண்டிருக்கும். வாங்கிக்கொண்டு ஓடுவார். கடுகு வெடிக்கும், கறிவேப்பிலை பொரியும், அந்த வாசனை எங்கள் மிளகாய்த்தூள் நெடியையும் மீறிக்கொண்டு வரும். பிறகு கரண்டியோடு மறுபடி வருவார்.

“உப்பு பாரு.”

உள்ளங்கையை நீட்டுவேன். சுடச்சுடக் குழம்பு விழும்.

“இத்தன வருசமாச் சமைக்கறீங்க, இன்னுமா உப்புத் தெரியலைங்க்கா?”

“டெட்டால் வாசனையிலயே என் நாக்கு செத்துப்போச்சு நாச்சி.”

அது பச்சைப் பொய். ஜேன்அக்கா கைக்கு உப்புத் தப்பி நான் பார்த்ததே இல்லை. வேலை பார்க்கிற இரண்டு பொம்பளைகள் நிற்பதற்கு ஒரு சாக்கு வேண்டும், அவ்வளவுதான். அந்தச் சாக்கில் நாங்கள் எத்தனை சிரித்திருக்கிறோம், எத்தனை பேர் தலையை உருட்டியிருக்கிறோம்! இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடுகிறது.

அவர் வீட்டுக்காரர் வால்டர் சார் பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டராக இருந்தவர். ரிட்டையர் ஆன பிறகும் காதிலிருந்து பென்சில் இறங்கவில்லை. பையன் ஜேக்கப்புக்குப் பெங்களூரில் வேலை. சின்னவள் நிம்மி. அவள் காலேஜில் ஹோம் சயின்ஸ் சேர்ந்தபோது தெருவே சிரித்தது. நானும் விடவில்லை.

“ஏங்கண்ணு, சோறாக்கறதுக்கு ஒரு காலேஜா? எங்கூர்ல அதுக்கு மாமியாக்காரிதான் காலேஜு.”

“ஆண்ட்டி, சும்னே கேலி பண்ணாதீங்க. சமையல் மட்டும் இல்ல. துணி இருக்கு, குழந்தை வளர்ப்பு இருக்கு, வீட்டை எப்படி நடத்தறதுன்னு இருக்கு. வீட்டு வேலையும் வேலைதானே? அதை யாராவது சயின்ஸா பாக்க வேணாமா?”

அவளுக்குத் தமிழைவிடக் கன்னடம் சரளம். கோபம் வந்தால் முழுக்கக் கன்னடத்துக்குப் போய்விடுவாள். அன்றைக்கு அப்படித்தான் போனாள், எனக்குப் பாதிதான் பிடிபட்டது. ஆனாலும் வீட்டு வேலையும் வேலைதான் என்று அவள் சொன்னது மனசில் தங்கிவிட்டது. எனக்கு அதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை.

இரண்டாம் வருஷம் படிக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் சமையலறை மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டாள். மடியில் ஒரு பலகை. அதில் சமையலறையின் படம், வால்டர் சார் போட்டுக் கொடுத்தது. அடுப்புக்கு ஒரு ஆணி, தொட்டிக்கு ஒரு ஆணி, தண்ணீர்க் குடத்துக்கு ஒன்று, அலமாரிக்கு ஒன்று, பின்கதவுக்கு ஒன்று. அம்மா அடுப்பிலிருந்து தொட்டிக்கு நடந்தால் இவள் இந்த ஆணியிலிருந்து அந்த ஆணிக்குச் சிவப்பு நூலை இழுத்துச் சுற்றுவாள். திரும்பி நடந்தால் திரும்பவும் சுற்றுவாள். சமைக்கிறவள் எவ்வளவு நடக்கிறாள் என்று பார்த்து, எதை எங்கே மாற்றி வைத்தால் அந்த நடை குறையும் என்று கண்டுபிடிக்கிற பாடமாம். சமையல் முடிவதற்குள் பலகையில் குருவிக்கூடு மாதிரி நூல் சிக்கிக் கிடந்தது. பின்கதவு ஆணியில்தான் பெரிய கொத்து.

அடுத்த வாரம் சுவரண்டை வந்து அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

“ஆண்ட்டி, எங்க மேடம் இந்தக் கொத்தைச் சுத்தி ரெட் இங்க்ல வட்டம் போட்டுட்டாங்க. ‘வேண்டாத நடை, குறைக்கணும்’னு. உங்களை வேஸ்ட்னு சொல்லிட்டாங்க!”

“உங்க மேடம் ஊட்டுல கறிவேப்பிலை மரம் இருக்காது கண்ணு, பாவம்.”

ஜேன்அக்கா கரண்டியோடு கதவில் சாய்ந்து நின்று, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். அந்தக் கதவில் அவர் அப்படிச் சிரித்து நின்றதில் என் கண்ணில் நிற்கிற கடைசி முகம் அதுதான் என்று அப்போது எனக்குத் தெரியாது.

ஜேன்அக்கா ரிட்டையர் ஆனார். நிம்மி பட்டம் முடித்து, யூனிவர்சிட்டியில் அதே பாடத்தில் மேல்படிப்புச் சேர்ந்தாள். அந்த வருஷம் கோடையில், மில்லில் மிளகாய் அரைக்கிற கூட்டம் நெரிகிற நாளில், “நாச்சீ” என்ற குரல் வந்தது. “ஒரு கொத்து” வரவில்லை. பாத்திரம் விழுகிற சத்தம் வந்தது. என் உடம்புக்கும் வயசுக்கும் அந்தச் சுவரை எப்படித் தாண்டினேனோ தெரியாது. ஜேன்அக்கா கதவுக்கும் அடுப்புக்கும் நடுவில் கிடந்தார். முதலில் அடுப்பை அணைத்தேன். பிறகுதான் அழுதேன்.

இடது கையும் இடது காலும் இழுத்துக்கொண்டன. பேச்சு மட்டும் போகாமல் தப்பியது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு முன்னறையில் உட்கார வைத்தார்கள். எத்தனையோ நோயாளிகளைத் திருப்பிப் படுக்கவைத்த கை, தன் மடியிலேயே வேறு யாருடைய கையோ போலக் கிடந்தது. சமையல் வால்டர் சார் கைக்குப் போனது. அவருக்குத் தெரிந்தது ஒரே உப்புமா. காலையில் கெட்டியாக இருக்கும், ராத்திரி தளர்வாக இருக்கும், வித்தியாசம் அவ்வளவுதான். நான் சுவர் வழியாகக் களியும் கொள்ளு ரசமும் கொடுத்தேன். வாங்க வந்தது வால்டர் சார். சமையலறைக் கதவில் அவருடைய வழுக்கைத் தலை தெரியும்போதெல்லாம் நான் பாத்திரத்தைச் சுவர்மேல் வைத்துவிட்டுத் திரும்பிக்கொள்வேன்.

ஜேக்கப் ஓடிவந்து கூடவே இருந்தான். நல்ல பிள்ளை, குறை சொல்ல முடியாது. கிளம்பும்போது தீர்மானமாகச் சொன்னான்.

“டாடி, இப்படியே எத்தனை நாள்? எங்க அபார்ட்மென்ட்ல லிஃப்ட் இருக்கு, சமைக்க ஆள் இருக்கு. கிறிஸ்மஸுக்கு வர்றப்ப ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போயிடறேன். நிம்மி எக்ஸாம் முடியறவரைக்கும் ஹாஸ்டல்ல இருக்கட்டும். வீட்டை வாடகைக்கு விட்டுடலாம்.”

 அவன் போன பிறகு நான் பார்க்கப் போனபோது ஜேன்அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அங்க போனா நான் செத்துடுவேன் நாச்சி. லிஃப்ட்ல ஏத்தி ஒரு ரூம்ல வச்சிருவாங்க. நல்லாத்தான் பாத்துப்பாங்க. ஆனா நான் எதுக்கு எழுந்திருக்கணும், சொல்லு? இந்த வீட்டு அடுப்புல ஒரு ரசம் வைக்க முடிஞ்சா போதும் எனக்கு. அதுகூட முடியாதா?”

கை போனதற்கு அழாத பொம்பளை அன்றைக்கு அழுதார். வாசலில் நின்று நிம்மி கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவள் அப்படியே யூனிவர்சிட்டிக்குப் போய், தன் பிராஜெக்டை மாற்றிக்கொண்டு வந்துவிட்டாள். ஒரு கையால் சமைக்கிறவர்களுக்கு ஏற்ற மாதிரிச் சமையலறையை மாற்றுவது. அவள் பாடத்தில் அதற்கென்றே ஒரு பகுதி இருக்கிறதாம்.

“கிறிஸ்மஸுக்குள்ள மம்மி தனியா ஒரு சாப்பாடு சமைச்சுக் காட்டணும் ஆண்ட்டி. அண்ணன் கண்ணால பாக்கணும். அப்புறம் எப்படிக் கூட்டிட்டுப் போவான்?”

ஆடி மாதத்துத் தூறலில் அந்தப் பின்கட்டில் ரம்பம் ஓடிக்கொண்டே இருந்தது. நிம்மி அளந்து சொல்வாள், வால்டர் சார் காதுப் பென்சிலை எடுத்துக் கோடு போட்டு அறுப்பார். ஒரு பலகையில் இரண்டு ஆணிகளை அடியிலிருந்து மேலே துருத்தும்படி அடித்தார்கள். வெங்காயத்தை அதில் குத்தி நிறுத்திவிட்டால் ஒரே கையால் நறுக்கலாம். பாத்திரம் நகராமலிருக்க அடியில் ஈரத்துணி. மேடையை வெட்டித் தாழ்த்தி, வால்டர் சாரின் சக்கர நாற்காலியை, அவர் உட்கார்ந்து படம் போடுகிற நாற்காலிதான், அதற்கு முன்னால் போட்டார்கள். குழாயிலிருந்து ஒரு ரப்பர் டியூப் அடுப்புவரை வந்தது. உப்பு, புளி, பொடி எல்லாம் சுற்றுகிற தட்டில். கறிவேப்பிலையை நிம்மி வாரத்துக்கு ஒருமுறை என்னிடம் வாங்கி, அலசி, டப்பாவில் போட்டு ஜேன்அக்கா கைப்பக்கம் வைத்துவிட்டாள். உட்கார்ந்த இடத்திலிருந்து எழ வேண்டியதே இல்லை. எல்லாம் கைக்கெட்டும் தூரம்.

முதல் வெங்காயத்தை ஆணியில் குத்தி ஜேன்அக்கா நறுக்கியபோது நாங்கள் மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். நறுக்கி முடித்துப் புறங்கையால் கண்ணைத் துடைத்தார்.

“வெங்காயம்தான்,” என்றார். “வேற ஒண்ணும் இல்ல. மூஞ்சியைப் பாக்காதீங்க.”

அன்றைக்குத் தக்காளி ரசம். தாளிப்பு கொஞ்சம் தீய்ந்திருந்தது. வால்டர் சார் மூன்று தரம் வாங்கிக் குடித்தார். உப்புமாவிலிருந்து விடுதலை கிடைத்த சந்தோஷமும் அதில் இருந்திருக்கும்.

மழை விட்டபோது ஜேன்அக்கா சோறு, சாம்பார், பொரியல் எல்லாம் ஒரு கையால் சமைத்துக்கொண்டிருந்தார். நிம்மி புதிதாக ஒரு பலகையில் நூல் சுற்றினாள். பழைய பலகையில் குருவிக்கூடு. இதில் கைப்பிடிக்குள் அடங்குகிற ஒரு சின்னச் சிண்டு. வீட்டுக்கே வந்து பார்த்த யூனிவர்சிட்டி மேடம் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். எனக்கும் பெருமைதான். ஆனால் பின்கதவு திறக்கவில்லை. அந்தப் பக்கம் நாற்காலிச் சக்கரம் கடகடவென்று உருளும், குக்கர் விசில் அடிக்கும், தாளிப்பு வாசனை வரும், யாரும் வந்து உப்பு பார்க்கச் சொல்ல மாட்டார்கள். சமைக்கிறாரே, அது போதாதா என்று நானே என்னைச் சமாதானப்படுத்திக்கொள்வேன்.

தசரா விளக்கெல்லாம் கழற்றிக்கொண்டிருந்த வாரம் டாக்டரிடம் காட்டப் போனார்கள். டாக்டர் காலைத் தட்டிப் பார்த்து, நிற்கச் சொல்லிப் பார்த்து, முகம் சுளித்தாராம்.

“வீட்ல நடக்கறாங்களா?”

வால்டர் சார் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்லியிருக்கிறார்: “நடக்கவே வேண்டியதில்ல டாக்டர். என் பொண்ணு எல்லாத்தையும் கைக்கெட்டற தூரத்துல வச்சிட்டா.”

டாக்டர் மறுபடி காலைத் தொட்டுப் பார்த்தாராம். ஆடியில் இருந்ததைவிடக் கால் மெலிந்து சுருங்கியிருக்கிறது, இப்படியே உட்கார்ந்திருந்தால் இன்னும் கொஞ்ச நாளில் நிற்கவும் வராது என்றாராம். ஜேக்கப்புக்குச் செய்தி போயிற்று. “நான்தான் சொன்னேனே, கிறிஸ்மஸ் முடிஞ்சதும் கிளம்பறோம்” என்று அவன் போனிலேயே முடித்துவிட்டான்.

மறுநாள் நிம்மி மில்லுக்கு வந்தாள், முன்வாசல் வழியாக. கக்கத்தில் இரண்டு பலகைகள். வந்து ராகி மூட்டைமேல் உட்கார்ந்தாள்.

“ஆண்ட்டி, மில்லை ஸ்வல்ப நிறுத்துங்க.”

“ராகி பாதியில நிக்குது கண்ணு. நீ சொல்லு, எனக்குக் கேக்கும்.”

“எல்லாம் என்னாலதான். நான்தான் மம்மியை உக்கார வச்சுட்டேன்.”

நான் மில்லை நிறுத்தினேன். பெல்ட் ஓய்ந்து நிற்கும்வரை அவள் காத்திருந்தாள்.

“ஸ்டெப்ஸ் குறைக்கணும், ஸ்டெப்ஸ் குறைக்கணும்னே படிச்சுப் படிச்சு எனக்கு வேற ஒண்ணும் தெரியல. மம்மிக்குக் கால்தானே போச்சு? நடை வேணும்தானே? நான் ஒவ்வொண்ணா எடுத்துப் பக்கத்துல வச்சேன் ஆண்ட்டி. மேடம் பாராட்டினப்போ எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா?”

“நல்லதுன்னு நெனச்சுத்தான பண்ணுன. அழுவாத. ஆருதான் நெனச்சோம்? நானுந்தான் பாத்துட்டு நல்லாருக்குதுன்னேன்.”

“மம்மிகூட ஒண்ணும் சொல்லல.”

“நீ ராப்பகலா ஒழைச்சதப் பாத்துட்டு அக்கா என்னன்னு சொல்லுவாங்க?”

அவள் அந்தப் பலகைகளை மாவுத் தரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். பழையதில் நூல் நிறம் மங்கியிருந்தது. காலேஜ் மேடம் போட்ட சிவப்பு வட்டம் அப்படியே இருந்தது. அந்த வட்டத்துக்குள் இருந்த கொத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள்.

“ரெண்டையும் பாருங்க ஆண்ட்டி. அடுப்பு, தொட்டி, அலமாரி எல்லாம் மம்மிக்கு மறுபடி கிடைச்சிருச்சு. ஒரு இடத்துக்கு மட்டும்தான் இன்னும் போகல.”

“எங்க?”

“இங்க. உங்ககிட்ட.”

 கண்ணை மாவு உறுத்துகிறது என்று முந்தானையால் துடைத்துக்கொண்டேன். அவள் அதை நம்பவில்லை.

“இந்த நடையெல்லாம் மம்மிக்குத் திருப்பித் தரப்போறேன். நீங்க எனக்கு ஒரு ஹெல்ப் பண்ணணும். மம்மி கேட்டாலும் கெஞ்சினாலும் கறிவேப்பிலையை நீங்க சுவரைத் தாண்டிக் கொண்டுவந்து தரக்கூடாது. அவங்க சுவர்வரைக்கும் வந்தாத்தான் கொடுக்கணும்.”

“அது பாவம் கண்ணு.”

“பாவம்தான். செய்வீங்கதானே?”

அன்று சாயங்காலமே வேலை தொடங்கியது. வால்டர் சார் நாற்காலிச் சக்கரங்களைக் கழற்றிக்கொண்டே முனகினார்.

“கட்டினதும் நானே, கழட்டறதும் நானேவா? உங்க யூனிவர்சிட்டியில முதல்லயே யோசிக்க மாட்டீங்களா?”

“அதுக்குத்தான் டாடி படிக்கறோம். அந்த ஸ்குரூவைக் கீழ போடாதீங்க.”

உப்பு ஜன்னல் பக்கத்துக்குப் போனது. தண்ணீர்க் குடம் பின்கதவுக்குப் பக்கத்தில். அடுப்பிலிருந்து கதவு வழியாகச் சுவர்வரைக்கும், இடுப்புயரத்தில், பிடித்துக்கொண்டு போக ஒன்று, திரும்பி வர ஒன்று என இரண்டு இரும்புக் குழாய்களை வால்டர் சார் பதித்தார். வெட்டுகிற ஆணிப்பலகையும் ஈரத்துணியும் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தன. கைக்கு உதவி, காலுக்கு வேலை என்றாள் நிம்மி. கறிவேப்பிலை டப்பாவை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

ஜேன்அக்காவுக்கு வந்த கோபத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. குழாயைப் பிடித்துக் கதவுவரை வந்துவிட்டார். கதவிலிருந்து சுவர்வரை உள்ள சிமெண்டுத் தரையைப் பார்த்து நின்றுவிட்டார்.

“நாச்சி, ஒடிச்சுக் கொடு.”

“வாங்க்கா. சித்தெ தூரந்தானுங்க.”

“என்னால முடியல. கொண்டா.”

கையில் கொத்தை வைத்துக்கொண்டு சுவருக்கு இந்தப் பக்கம் மரத்தோடு மரமாக நின்றேன். என் கால் இரண்டும் பரபரத்தன. ஜேன்அக்காவுக்குப் பின்னால் நிம்மி நின்று, வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

“எண்ணெய் தீயுது நாச்சி!”

“தீயட்டுங்க்கா.”

எண்ணெய் தீய்ந்தது. புகை கதவு வழியாக வந்தது. நிம்மி போய் அடுப்பை அணைத்தாள். ஜேன்அக்கா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

“நீயுமாடீ அவளோட சேந்துட்ட?” என்றார். “உன் கறிவேப்பிலையும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்.”

கதவு சாத்திக்கொண்டது. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் அந்த வீட்டில் கறிவேப்பிலை இல்லாத குழம்பு. அதற்கடுத்த நாளும் அதேதான். வால்டர் சார் முன்வாசல் வழியாக மில்லுக்கு வந்து, “குழம்புல ஏதோ குறையுதுன்னு மட்டும் சொன்னேன் நாச்சம்மா. தட்டைத் தூக்கி எறியப் பாத்தா,” என்றார். சொல்லிவிட்டு இரண்டு பேரும் சிரித்தோம், பயத்தோடு.

அந்த வாரக் கடைசியில் மத்தியானம் கதவு திறந்தது. ஜேன்அக்கா என்னைப் பார்க்கவில்லை, கூப்பிடவுமில்லை. குழாயைப் பிடித்துக்கொண்டு, இடதுகாலை இழுத்து இழுத்து, ஒவ்வொரு எட்டுக்கும் நின்று நின்று வந்தார். நெற்றியெல்லாம் வியர்வை. சுவரை எட்டியதும் அதன்மேல் வலது கையை ஊன்றிக்கொண்டு மூச்சு வாங்கினார். மேலே நீண்டிருந்த கிளையிலிருந்து தானே ஒரு கொத்தை ஒடித்தார்.

“திருடிட்டுப் போறேன்,” என்றார் மரத்தைப் பார்த்து.

“போங்க்கா. போலீசுக்குச் சொல்ல மாட்டேன்.”

அப்போதும் என்னைப் பார்க்கவில்லை. ஆனால் உதட்டோரம் நெளிந்ததை நான் பார்த்துவிட்டேன்.

மார்கழிக் குளிர் வந்தது. தெருவெல்லாம் பனியில் நனைந்த அவரைக்காயின் பச்சை வாசம். இந்த ஊரில் அந்தப் பருவம் வந்துவிட்டால் வீட்டுக்கு வீடு அவரைக்கொட்டையை ஊறவைத்து, தோலைப் பிதுக்கிப் பருப்பெடுத்துத்தான் சமையல். கொட்டையை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து அழுத்தினால் பருப்பு துள்ளி விழும். ஒரு கை போதும். ஜேன்அக்கா காலை வெயிலுக்குச் சுவரண்டை வந்து, ஸ்டூலில் உட்கார்ந்து, சுவர்மேல் கிண்ணத்தை வைத்துப் பிதுக்குவார். நான் இந்தப் பக்கம் நின்று பிதுக்குவேன். வேண்டுமென்றே என் மூஞ்சியைக் குறிபார்த்து ஒரு பருப்பை விடுவார். வர நேரமாகும், போகவும் நேரமாகும். யாருக்கு என்ன அவசரம்? அந்த வெயிலும் அந்த வாசமும் இன்றைக்கும் எனக்கு அப்படியே இருக்கின்றன.

நிம்மி பிராஜெக்டின் கடைசி அத்தியாயத்தைத் திரும்ப எழுதினாள். முதலில் செய்தது தப்பு, ஏன் தப்பு என்று அதிலேயே எழுதிவிட்டாள். யூனிவர்சிட்டி மேடம் வாசித்துவிட்டு, “அப்படியே இருக்கட்டும். ரெண்டு பலகையையும் படம் எடுத்துப் போடு,” என்றாராம்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் ஜேக்கப் வந்தான். காரில் இடம் வேண்டும் என்று பின்சீட்டை மடக்கிப் போட்டுக்கொண்டு வந்திருந்தான். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிதுக்கின அவரைப்பருப்புக் குழம்பு. என் பக்கத்திலிருந்து எல்லாம் தெரிந்தது. ஜேன்அக்கா ஆணியில் வெங்காயம் குத்தி நறுக்கினார். குழம்பு கொதித்தது. தாளிக்கிற கரண்டியை அடுப்பில் வைத்துவிட்டுக் குழாயைப் பிடித்தார்.

“மம்மி, எங்க போறீங்க?” என்று ஜேக்கப் பாய்ந்தான்.

“கறிவேப்பிலைக்கு.”

“நான் எடுத்துட்டு வரேன். நீங்க விழுந்துடுவீங்க!”

“டேய் அண்ணா, உக்காரு,” என்றாள் நிம்மி. “அடுப்பைச் சிம்ல வச்சிருக்காங்க. உக்காரு சும்மா.”

அவன் உட்காரவில்லை. கதவில் வந்து, இரண்டு கையையும் முன்னால் நீட்டியபடி நின்றான், விழுந்தால் பிடிக்கிறவன் போல. ஜேன்அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. இழுத்து இழுத்துச் சுவருக்கு வந்தார்.

“நாச்சீ, ஒரு கொத்து!”

கோடையிலிருந்து எனக்குப் பாக்கியிருந்த அந்த இரண்டு வார்த்தை. ஒடித்துக் கொடுத்தேன். கொத்தைத் தோளில் போட்டுக்கொண்டார். திரும்பிப் போனார். கடுகு வெடித்தது. இலை பொரிந்தது. பிறகு மறுபடியும், கரண்டியை இடுப்புச் சேலையில் செருகிக்கொண்டு, இந்தமுறை கிண்ணத்தில் கொஞ்சம் குழம்பை வலது கையில் ஏந்திக்கொண்டு கதவில் வந்து நின்றார். கிண்ணத்தைப் பிடித்தால் குழாயைப் பிடிக்க முடியாது.  குழாயில் இடுப்பைச் சாய்த்துக்கொண்டு, மெல்ல மெல்ல வந்து கிண்ணத்தைச் சுவர்மேல் வைத்தார்.

“உப்பு பாரு.”

“கொஞ்சம் கம்மிங்க்கா,” என்றேன்.

வாழ்க்கையில் முதல்முறையாக அவர் உப்பில் நான் குறை சொன்னேன். கம்மியே இல்லை.

ஜேன்அக்கா என்னை உற்றுப் பார்த்தார். புரிந்துகொண்டார். “அப்ப இன்னொரு தரம் வரேன்,” என்று திரும்பி நடந்தார். கதவில் நின்ற ஜேக்கப் வழிவிட்டு ஒதுங்கினான். அவன் நீட்டியிருந்த கைகள் இறங்கிவிட்டன.

சாப்பாடு முடிந்து அவன் சுவரண்டை வந்து நின்றான். ரொம்ப நேரம் மரத்தைப் பார்த்தான்.

“ஆண்ட்டி, எங்க அபார்ட்மென்ட் பதினோராவது மாடி,” என்றான். “அங்க சுவர் இல்ல.”

கிறிஸ்துமஸ் முடிந்ததும் காரின் பின்சீட்டை நிமிர்த்திக்கொண்டு தனியாகத்தான் திரும்பிப் போனான்.

அதற்குப் பிறகு பல அவரைக்காய்ப் பருவங்கள் ஜேன்அக்கா அந்தச் சுவருக்கு நடந்தார். போன மழைக்காலத்தில் தூக்கத்திலேயே போய்விட்டார், தன் வீட்டில். அன்றைக்குச் சாயங்காலம்கூட வந்து உப்பு பார்க்கச் சொன்னார். வால்டர் சார் ஜேக்கப்போடு பெங்களூரில் இருக்கிறார். நிம்மி அவள் படித்த இடத்திலேயே இப்போது பாடம் எடுக்கிறாள். வீட்டை வாங்கினவர்கள் சுவரை ஆளுயரத்துக்கு எழுப்பிவிட்டார்கள். தப்பில்லை, அவரவர் வீடு. வீட்டைக் காலி செய்த அன்று நிம்மி அந்தப் பழைய பலகையை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். மில்லில் மாட்டியிருக்கிறேன். மாவு படிந்து நூலெல்லாம் வெள்ளையாகிவிடும், அவ்வப்போது ஊதித் துடைப்பேன்.

மத்தியானத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் கடுகு வெடிக்கிற சத்தம் கேட்டால், மில்லை அப்படியே விட்டுவிட்டு ஒரு கொத்து ஒடித்துக்கொண்டு போய் நின்றுவிடுகிறேன். யாரும் கூப்பிடவில்லை என்று பிறகுதான் உறைக்கிறது. என் நடைக்கு யாராவது நூல் சுற்றிப் பார்த்தால் பெரிய கொத்து அந்தச் சுவரண்டைதான் கிடக்கும். அதற்கும் சிவப்பு வட்டம் போடுவார்கள். போட்டுக்கொள்ளட்டும், நாளைக்கும் நான் போய் நிற்கத்தான் போகிறேன்.